எந்தப் பச்சை?

வீடு பார்க்க வந்த அன்றைக்கு அவள் தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. கரண்டு பில் தனியா, வாடகையோடு சேர்ந்ததா என்றும் கேட்கவில்லை. நேராக வாசல் கதவிடம் போனாள். வலது கை கட்டைவிரல் நகத்தால் ஓரமாக ஒரு சுரண்டு சுரண்டினாள். மேலே இருந்த காப்பிக் கலர் உரிந்து நீலம் தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். நீலத்துக்குக் கீழே மஞ்சள். அப்புறம்தான் திரும்பி, பக்கத்து வாசலில் முறத்தோடு நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

“யக்கா, இந்தக் கதவு தேக்குக்கா. பாவம், சட்ட மேல சட்டயா போட்டு வேர்க்க வெச்சிக்கிறாங்க.”

நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். புது ஆளிடம் பேச எனக்கு வராது. பழைய ஆளிடமும் அவ்வளவாக வராது. அஞ்சாவது படித்ததோடு பள்ளிக்கூடம் நின்றது, பேச்சும் அங்கேயே நின்றுவிட்டது என்று என் மகன் கேலி செய்வான்.

எங்கள் சந்து கும்மிடிப்பூண்டி ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கீழே இரண்டு வீடு, ஒன்றில் நான், ஒன்றில் அவள். மாடியில் ஓனரம்மா. கதவைச் சுரண்டினவளின் வீட்டுக்காரர் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தார். கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியதும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். அது ஆகிவிட்டது சில வருஷம். அவள் பேரை எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். படித்தால் அவளே கண்டுபிடித்து போன் செய்து கத்துவாள்.

அவள் வேலை, பழைய மரச் சாமானைப் புதுசாக்குவது. கட்டில், ஸ்டூல், கண்ணாடி மேஜை, கால் உடைந்த டீப்பாய், எது கிடைத்தாலும் சரி. திருப்பாச்சூர் பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அங்கே போய் நிற்பாள். அக்கம்பக்கத்து ஊரில் இருந்தும் சாமான் கொண்டுவந்து இறக்குவார்கள். வேலை எல்லாம் முன்கூடத்தில். நைட்டிக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். முதுகில் அந்தக் கம்பெனி பேர், முன்னால் எல்லா வீட்டுப் பெயிண்டும். மற்ற ஒன்பது நகத்தையும் ஒட்ட வெட்டியிருப்பாள். அந்தக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருந்தாள்.

அந்த நகம் இருக்கிறதே, அது எங்கேயும் சும்மா இருக்காது. ரேஷன் கடையில் வரிசையில் நிற்கும்போது ஜன்னல் சட்டத்தைச் சுரண்டும். டாக்டர் ஊசி போடும்போது டாக்டர் மேஜையைச் சுரண்டும். “ஏம்மா, வலிக்குதா?” என்று டாக்டர் கேட்டால், “எனுக்கு இல்ல சார், இந்த மேஜைக்கு. ரோஸ்வுட்டு மேல மைக்கா ஒட்டிக்கிறீங்களே” என்பாள்.

ஒரு தடவை என்னை மீஞ்சூருக்குக் கூட்டிப் போனாள். பெயிண்ட் கடைக்குத்தான். திரும்பும்போது ஸ்டேஷனில் ரயில் லேட். பெஞ்சியில் உட்கார்ந்தோம். நான் ரயில் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க் சர்க் என்று சத்தம் கேட்டது. பார்த்தால் பெஞ்சியில் அரை அடிக்குப் பெயிண்டை உரித்து வைத்திருக்கிறாள். எதிரில் ஒரு ரயில்வே போலீஸ்.

“இன்னாம்மா பண்ற?”

“சார், இது நல்ல மரம் சார். மேல சாணி கலர் அடிச்சி வெச்சிக்கிறாங்க. கீழ இன்னா இருக்குதுன்னு பாத்தேன்.”

“கீழ நா இருக்கறேன். எழுந்திரு.”

“தோ எழுந்துக்கறேன் சார். உங்க லத்தி மூங்கிலா, பிளாஸ்டிக்கா?”

கேட்டுக்கொண்டே கையை நீட்டிவிட்டாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிளாட்பாரக் கடைசிக்குப் போய்விட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, இன்றைக்கு வரைக்கும் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கலருக்கு டப்பாவில் எழுதியிருக்கிற பேரை அவள் சொல்ல மாட்டாள். அவளே பேர் வைப்பாள். சாம்பல் என்றால் அவளுக்கு ‘பவர் ஹவுஸ் பொகை’. வெளிர் மஞ்சளுக்கு ‘வடிச்ச கஞ்சி’. ஒரு விதமான பழுப்பு இருக்கிறது, அதற்கு ‘மாமியா மூஞ்சி’. கடைக்காரர் முதலில் முழித்தார். பிறகு அவரும் பழகிவிட்டார். “இன்னிக்கி மாமியா மூஞ்சி அர லிட்டரா, ஒரு லிட்டரா?” என்று அவரே கேட்பார். பக்கத்தில் நிற்கிற ஆட்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

என்னிடம் முகம் பார்க்கிற கண்ணாடி வைத்த மேஜை ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது. கறுத்துப் போய் மூலையில் கிடந்தது. ஒரு நாள் வந்து அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “யக்கா, இதுக்கு இன்னா கலர் வேணும்?” என்றாள்.

“எதுனா அடி” என்றேன்.

“எதுனான்னு ஒரு கலர் இல்லக்கா. உனுக்கு இன்னா புடிக்கும்?”

எனக்கு என்ன பிடிக்கும்? யோசித்துப் பார்த்தேன். புடவை எடுக்கும்போது அழுக்குத் தெரியாத கலர் எடுப்போம். சுவருக்கு ஓனரம்மா அடிக்கிற கலர். யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. மறுநாளும் வந்து கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, “ரோஸு” என்றேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

“எந்த ரோஸு? பஞ்சு முட்டாய் ரோஸா, கொய்யா ரோஸா?”

“கொய்யா.”

அடித்துக் கொடுத்தாள். மகன் வந்து பார்த்துவிட்டு, “ஏம்மா, உனுக்கு மறுபடியும் கல்யாணமா?” என்றான்.  அன்றைக்கு எல்லாரும் வெளியே போன பிறகு அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் தலை வாரினேன்.

இவ்வளவு நல்லவளிடம் ஒரு குறை உண்டு. கை ஓடுகிற வேகத்தில் அவளுக்குக் காது ஓடாது. மரத்தைப் பார்த்துவிட்டால் எதிராளி பேசுவது பாதிதான் உள்ளே போகும். மீதியை அவளே இட்டு நிரப்பிக்கொள்வாள். ‘ஸ்டூலுக்கு காலு ஆடுது’ என்று கொடுத்தவருக்கு நாலு காலையும் வெட்டி மணைப் பலகையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். “இப்ப ஆடாது பாருங்க” என்று வேறு சொன்னாள். தேய்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் ரசம் கேட்டிருந்தால் மோர்தான் வரும். சாப்பிட உட்கார்ந்து சோற்றைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், சாப்பிடுவார்.

மாடியில் இருக்கும் ஓனரம்மாவுக்கு இழுப்பு வியாதி. பெயிண்ட் வாசனை மேலே போனால் அன்றைக்கு இருமலும் இழுப்பும்தான். பாவம், அந்தம்மா சண்டைக்காரி இல்லை. மூச்சு விட முடியாத ஆள் வேறு என்ன செய்வாள்? பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் படியில் நின்று சொல்லிவிட்டாள்.

“தோ பாரு. அமாவாசைக்கு திருவள்ளூர் போறேன். பொண்ணு ஊட்ல நாலு நாள் இருந்துட்டு வருவேன். திரும்பி வரும்போது பெயிண்டு நாத்தம் மூக்குல பட்டுச்சி, உன் சாமானோட நீயும் கெளம்பிடு.”

அந்தம்மா இழுப்பு போகவேண்டும் என்று கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கப் போகிற ஆள். அவளிடம் என்ன சொல்ல முடியும்? இவளும் தலையை ஆட்டினாள். ஆனால் முகம் வாடிவிட்டது. இந்த வீட்டுக்கு வரும் முன்னால் அவர்கள் நிறைய இடம் பார்த்திருந்தார்கள். சாமான் வேலை என்றதுமே கதவைச் சாத்தினார்களாம். இந்த முன்கூடம் போனால் வேலை போனமாதிரிதான்.

அப்போது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு வேலை. பழவேற்காட்டில் இருந்து ஒரு பாய் வீட்டம்மா கொண்டுவந்து இறக்கிய மரத் தொட்டில். நாலு கால், சுற்றிலும் கடைந்தெடுத்த மரக் கம்பிகள், தலைப்பக்க வெளிப்புறத்தில் ஒரு கிளி செதுக்கியிருந்தது. அந்தம்மாவும் கூடப் பிறந்தவர்களும் படுத்த தொட்டிலாம். இப்போது மகள் வயிற்றுப் பிள்ளைக்கு. நாற்பது நாள் முடிந்து வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறார்கள். மேலே வெள்ளைப் பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டாள். ரெண்டு நாளாக உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தொட்டால் கன்னம் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து பழவேற்காட்டம்மாவிடம் இருந்து போன். அவள் கையெல்லாம் மரத்தூள், போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சொரண்டிட்டீங்களாம்மா?”

“ஆச்சும்மா. சும்மா பளபளன்னு கீது.”

“அப்ப பச்சையாவே குடுத்துடுங்க. ஏன்னா கொழந்த—”

அதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. எங்கள் சந்தில் கூட்ஸ் வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இவள், “சரிம்மா, சரிம்மா” என்று கத்தி வைத்துவிட்டாள். நானும் கூடத்தான் இருந்தேன். எனக்கும் பச்சை என்றுதான் கேட்டது.

ஓனரம்மா ஊரில் இல்லை. வருவதற்குள் காய்ந்துவிடும், வாசனையும் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் எந்தப் பச்சை என்று ஆரம்பித்தாள். கிளிப் பச்சையா, வேப்பிலையா, பச்சைமிளகாயா? என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடந்து நடந்து, கடைசியில் இரண்டு டப்பாவைக் கலந்து, “மருதாணி அரைச்ச கலருக்கா!” என்று குதித்தாள். அடித்து முடித்ததும் நல்லாத்தான் இருந்தது. ஓனரம்மா திரும்பி வருகிற அன்று காலையில் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் போன்.

“யா அல்லா! இன்னாம்மா இது, தொட்டிலா, கிளிக்கூண்டா?”

“நீங்கதான பச்சன்னு சொன்னீங்க?”

“பச்சையா குடுங்கன்னா ஒண்ணும் பூசாம குடுங்கன்னு அர்த்தம்! கொழந்த கம்பியக் கடிக்கும், பெயிண்டு வாய்க்குப் போவும்னுதான சொன்னேன்? பச்ச பாலு கேட்டா பச்ச கலர்லயா ஊத்துவீங்க?”

  அந்தம்மா விடவில்லை.

“எங்கம்மா தொட்டிலும்மா அது. வெள்ளிக்கெழம புள்ளய எதுல போடறது? சொந்தமெல்லாம் வருது. வியாழக்கெழம மதியம் வண்டி எடுத்துனு வரேன். நா குடுத்த மரம் எனுக்கு வேணும்.”

போன் நின்ற பிறகு அவள் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தாள். 

“யக்கா, பரண் மேல பெயிண்ட உரிக்கற ரிமூவர் டப்பா கீது. அதத் தடவுனா ஒரே நாள்ல உரிச்சிடலாம். ஆனா அந்த நாத்தம் பெயிண்டு நாத்தத்துக்கு அப்பன். ஓனரம்மா இன்னிக்கி சாயங்காலம் வருது.”

“அப்ப கையால எடு” என்றேன்.

“நா ஒருத்தி கையாலயா? எப்ப முடியும்?”

நான் கையை நீட்டினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். நல்ல விளிம்பாக இருக்கிற சில்லைப் பொறுக்கி, பிடிக்கிற பக்கம் துணி சுற்றி என்னிடம் ஒன்று கொடுத்தாள். தூசி மாடிக்குப் போகக் கூடாது என்று தொட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் இருக்கிற புங்கமரத்தடியில் கோணி விரித்து வைத்தோம். பெயிண்ட் இன்னும் முழுசாக இறுகவில்லை. சில்லை வைத்து இழுத்தால் பாலாடை மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. ஆனால் கடைசல் கம்பி ஒவ்வொன்றிலும் மேடு பள்ளம். ஒரு கம்பி முடிப்பதற்குள் இடுப்பு போய்விடும். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன்.

வெயில் இறங்கும்போது ஓனரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் கோயில் பை. தரையைப் பார்த்தாள்.

“இன்னாடி இது, ரோட்டுல பச்சப் பச்சையா?”

எப்போதும் பேசுகிறவள் தலை நிமிராமல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பேச வேண்டும். இருந்தது நான்தான். எழுந்து நின்றேன். கால் மரத்துப் போயிருந்தது.

“பெயிண்டும்மா. அடிச்சோம். இப்ப எடுக்கறோம்.”

“எடுக்கறதுக்கு இன்னாத்துக்கு அடிச்சீங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் ஓனரம்மாவிடம் நான் பேசியதெல்லாம் ‘மோட்டார் போடுங்கம்மா’ மட்டும்தான். அன்றைக்கு நின்ற இடத்தில் முழுவதையும் சொன்னேன். போன் வந்தது, கூட்ஸ் வந்தது, எந்தப் பச்சை என்று இவள் நடையாய் நடந்தது, கிளிக்கூண்டு, எல்லாம். பச்சைப் பாலுக்கு வந்தபோது ஓனரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.  ஓனரம்மா பையில் இருந்து மருந்தை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சி, மூச்சு வந்ததும் என்னைப் பார்த்து, “ஊமச்சி மாதிரி இருந்துனு, சிரிக்க வெச்சே கொன்னுடுவ போலருக்குதே” என்றாள்.

அப்புறம் இவளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

“தோ பாரு. அடிக்கற வேல என் ஊட்ல இனிமே கெடையாது. இந்த மாதிரி சொரண்டறது, தேய்க்கறதுன்னா மரத்தடியில வெச்சிக்கோ, எனுக்குத் தொந்தரவு இல்ல. ஆனா வியாழக்கெழம அந்தம்மா வந்து குத்தம் சொல்லி ரோட்டுல சத்தம் போட்டுச்சின்னா, அப்பறம் நீ வேற ஊடு பாத்துக்கோ.”

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு நினைப்பில்லை. காலையில் சோறு ஆக்கி வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்துவிடுவேன். அவள் எனக்கு முன்னால் வந்திருப்பாள். வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து இன்னொரு சில்லை எடுத்துக்கொண்டு உட்காருவார். கண்ணாடிக்கு அப்புறம் உப்புத்தாள், முரட்டுத் தாள், பிறகு சன்னத் தாள். கிளிக்குச் சிறகு சிறகாகச் செதுக்கியிருந்தது. அந்த இடுக்கில் மட்டும் பச்சை போகவே இல்லை. ஊசி வைத்துக் கிண்டிப் பார்த்தாள், வரவில்லை. “இதுல மாட்டிக்கப் போறேன்க்கா” என்றாள்.

வியாழக்கிழமை மதியம் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பழவேற்காட்டம்மா முன்சீட்டில் இருந்து இறங்கினார். நல்ல உயரம், தலையில் முக்காடு. மாடியில் ஓனரம்மா வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். 

அந்தம்மா தொட்டிலைச் சுற்றி வந்தார். கம்பி ஒவ்வொன்றாகத் தடவினார். குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். கிளியிடம் வந்து நின்றார். 

“கிளிக்குப் பச்ச இருந்தா தப்பில்ல. வெளிப்பக்கம்தான, கொழந்த வாய்க்கு எட்டாது” என்றார்.

அப்பாடா என்று நான் நினைத்த நேரம், அந்தம்மா முக்காட்டைச் சரி செய்துகொண்டு குனிந்தார். நட்ட நடுத் தெருவில், மேல் கம்பியை நாக்கால் ஒரு நக்கு நக்கினார். வண்டி டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தம்மா நிமிர்ந்தார். முகம் சுருங்கியது.

“உப்பு கரிக்குது. இன்னா பூசினீங்க?”

“ஒண்ணும் பூசலம்மா” என்றாள் இவள்.  “உப்புத்தாளுதான் போட்டேன்.”

“உப்புத்தாள்ல உப்பு இருக்குமா?”

“இருக்காதும்மா.”

“பின்ன?”

பின்ன என்னவென்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.  மேலே இருந்து ஓனரம்மா குரல் வந்தது.

“வேர்வைம்மா அது! நாள் பூரா வெயில்ல உக்காந்து ரெண்டும் தேய்க்குதுங்க. பின்ன சக்கரயாவா இருக்கும்?”

பழவேற்காட்டம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். கையைப் பார்த்தார். இன்னொரு தடவை நாக்கை வைத்துப் பார்த்தார்.

“உப்புன்னா பரவால்ல” என்றார். “எங்க ஊரு தண்ணி, காத்து எல்லாம் அதான. புள்ள பழகட்டும்.”

அப்புறம்தான் அவர் சிரித்தார். இவள் ஓடிப்போய் ஈரத் துணி கொண்டுவந்து கம்பியெல்லாம் துடைத்தாள். துடைக்கும்போது அழுதாள் என்று நினைக்கிறேன், அவள் மறுபடியும் உப்பாக்கிவிடப் போகிறாள் என்று நான் துணியை வாங்கிக்கொண்டேன். எல்லாருமாகத் தூக்கித் தொட்டிலை வண்டியில் ஏற்றினோம். அந்தம்மா முன்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது.

சந்து முனை திரும்புவதற்குள் இவள் பின்னாலேயே ஓடினாள். கம்பெனிச் சட்டை காற்றில் பறக்க, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

“யம்மா! ஆட்டும்போது கிறீச்சுன்னா தேங்கா எண்ண போடுங்க! அதோட வுட்டுடுங்க! யார்னா வந்து பெயிண்டு கியிண்டு அடிச்சிடப் போறாங்க!”

வண்டி ஜன்னலில் இருந்து அந்தம்மாவின் இரண்டு கை வெளியே வந்தது. அவளைப் பார்த்துப் பெரிய கும்பிடாக ஒன்று போட்டுவிட்டு உள்ளே போனது.